மச்சமா, மருவா? உங்களுக்குத் தெரியுமா?

● மச்சமே இல்லாத பெரியவர்களைப் பார்ப்பது அரிது. பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 40 வரை இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் பரவலாக இருக்க வேண்டியவை. அவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் மச்சம். பிறக்கும்போதே மச்சத்தோடு பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான். மற்ற மச்சங்களெல்லாம் சிறு வயதிலும் வாலிபத்திலும் வருபவை. வயதான பிறகு சில மச்சங்கள் தாமாகவே மங்கி மறைவதும் உண்டு. ஆனால் 40 வயதைத் தாண்டிப் புதிதாக ஒன்று முளைத்தால் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

● பிறந்த குழந்தையின் முதுகின் அடிப்பகுதியில் நீலம் பூத்திருந்தால், எங்கோ அடிபட்டுவிட்டது என்று வீட்டில் பதறுவார்கள். நிறச் செல்கள் தோலின் ஆழத்தில் தங்கிவிட்டதால் வரும் நிறம் அது. நம் குழந்தைகளிடம் சகஜம். பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

● மச்சத்துக்குக் காரணம் நம்முடைய சொந்த செல்கள். மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். 1907இல் இத்தாலிய மருத்துவர் சியுஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாகூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரைத் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். அங்கே மரு முளைத்தது. அதனால்தான் மரு ஒட்டிக்கொள்கிறது, மச்சம் ஒட்டாது. முகத்தில் மரு இருக்கும்போது சவரம் செய்தால் பிளேடு போன வழியெல்லாம் புது மரு வரலாம். நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் பரவுவதும் இப்படித்தான்.

● மரு உதிர வேண்டும் என்று வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது நம் பக்கத்து வழக்கம். குழந்தைகளுக்கு வரும் மருக்களில் மூன்றில் இரண்டு பங்கு, எந்த வைத்தியமும் இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்குள் போய்விடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த வைரஸைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாள் எடுக்கிறது. வேண்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தவர்கள், சொந்தமாகக் கீறியும் சுட்டும் பார்த்தவர்களைவிட நல்லதே செய்தார்கள் என்பேன்.

● சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து மச்சத்தின் மேல் வைக்கும் கைவைத்தியம் இன்றும் நடக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊற்றுவார்களே, அதே பொருள். அது மச்சத்தோடு நிற்காது, அடித்தோல்வரை வெந்துபோகும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் சதையை அரிக்கக்கூடியதுதான். நம் மாநிறத் தோலில் வெந்த இடம் கன்னங்கரேலென்று மாறலாம், இல்லையென்றால் வெளுத்துப்போய் அப்படியே நிற்கலாம். மச்சத்தைவிடத் தழும்பு பெரிதாகிவிட்ட முகங்கள் ஏராளம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மேலே இருந்தது கருகிவிடும், அடியில் இருப்பது தங்கிவிடும். அது புற்றாக இருந்தால், தழும்புக்குக் கீழே யார் கண்ணிலும் படாமல் வளரும்.

● கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்துத் தொங்கும் சின்னச் சின்னச் சதைகள் வைரஸ் மரு அல்ல, பரவாது. ஆனால் அவை நிறைய வரும்போது, கூடவே பிடரி கறுத்துத் தடித்தும் போயிருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிக்கச் சொல்லித் திட்டுகிறோம். திட்டுவதை விட்டுவிட்டு சர்க்கரை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

● கன்னத்திலும் கண்ணோரத்திலும் மிளகைவிடச் சிறிதாக வரும் கறுப்புப் புள்ளிகள் அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வருவது வழக்கம். கறுத்த, மாநிறத் தோல்களுக்கே உரிய இதை 1925இல் விவரித்து எழுதியவர் ஆல்டோ காஸ்டெலானி. முன்பு கொழும்பில் பாக்டீரியா ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். இவை புற்றாக மாறுவதில்லை. அழகுக்காக எடுக்கலாம்; விட்டாலும் ஒன்றுமில்லை.

● எந்த மச்சத்துக்குப் பயப்பட வேண்டும்? ஒரு பாதி மறுபாதியோடு ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறடித்தது, ஒரே மச்சத்தில் பல நிறம் காட்டுவது, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது. நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் வகுத்த அடையாளங்கள் இவை. பின்னால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: மாறிக்கொண்டே இருப்பது. அரிப்பு, ரத்தக் கசிவு, ஆறாத புண் எல்லாம் எச்சரிக்கைதான். முடி முளைத்த மச்சம் கெட்டது என்பது வெறும் பயம்.

● நமக்கு மெலனோமா என்ற தோல் புற்று வருவது குறைவு. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில், உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோ வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தின் அடியில்தான் வந்தது. 1981இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து, அது அகலமாகிக்கொண்டே போனால் 'கல்லில் இடித்திருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்.

● மருவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்ப்பார்கள். நம் தோலில் அது வெள்ளைத் திட்டை விட்டுப்போகலாம் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பு மருவுக்கு நல்ல மருந்து. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் காலில் தாமாகப் போடக் கூடாது. தொங்கும் சதைகளை ரேடியோ அலைக் கருவியில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். நெஞ்சிலும் தோளிலும் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் அங்கே கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

● மச்சம் மட்டும் வேறு விஷயம். மரத்துப்போக ஊசி போட்டு, சீவியோ வெட்டித் தைத்தோ எடுப்பதே முறை. லேசரில் முழுக்கச் சுட்டுவிட்டால், புற்றா என்று சோதிக்கச் சதையே மிஞ்சாது.

● எனவே அழகு நிலையங்களில் மச்சத்தை எடுக்காதீர்கள். தோல் டாக்டரிடம் எடுத்தாலும், 'எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கையில் பணம் இல்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டுவதற்குக் கட்டணம் இல்லை.