பொருத்துத் தெரியாத ஓலை

பொருத்துத் தெரியாமற் பொருத்துதல் தச்சனுக்கு மட்டும் உரிய வித்தை என்றே யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற தவணையில் எமது கல்லூரி மலர் உருவானபோது அவ்வெண்ணம் மாறிற்று.

மலரின் பக்கங்களுக்குப் பின்னணியாக ஓலையேட்டின் தோற்றம் அமையவேண்டும் என மலர்க்குழு மாணாக்கர் விரும்பினர். என் தந்தையார் வைத்துச் சென்ற வாகடச் சுவடியில் எழுதப்படாத ஏடொன்று உண்டு. அதனைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மாணவன் ஒருவன் கணினியோடு வந்தான்.

ஏட்டின் ஒளிப்படத்திலிருந்து சிறு சதுரமொன்றை வெட்டி, அதனையே பக்கம் முழுதும் அடுக்கியிருந்தான். சதுரம் முடியுமிடந்தோறும் ஓலையின் நரம்புகள் முறிந்து நின்றன. படத்தின் மேலோரம் வெளுப்பு, கீழோரம் கருமை. ஆதலால் பக்கம் பாய் விரித்தாற்போல வரிவரியாகத் தெரிந்தது.

"தளை தட்டுகிறது, தம்பி" என்றேன்.

முழு ஏட்டையே பெரிதாக்கி இட்டால் என்ன என்று கேட்டேன். பெரிதாக்கினால் நரம்பு கயிறாகிவிடும் என்றான். சிறு படத்தை அடுக்கும் இவ்வழக்கம் இணையப் பக்கங்களிற் பரவியது, நெற்ஸ்கேப் என்னும் உலாவி 1995 இல் அதற்கு இடமளித்த பின்னராம். தொலைபேசிக் கம்பிவழி மெல்ல ஊர்ந்து வந்த அக்காலத்து இணையத்தில், ஒருமுறை வந்து சேர்ந்த சிறு படமே திரை முழுவதையும் நிரப்பிவிடும்.

மறுநாள் அவன் முறிவை நீக்கிய விதத்தை அருகிருந்து பார்த்தேன். ஓரத்து முறிவை ஓரத்தில் வைத்தே திருத்த இயலாது. முதலில் ஒளியைச் சமப்படுத்தினான். பின்னர்ப் படத்தை அகலத்திற் பாதி வலப்புறமும், உயரத்திற் பாதி கீழ்ப்புறமும் நகர்த்தினான். வலப்புறம் வெளியேறிய பகுதி இடப்புறமாக உள்ளே வந்தது. கீழே சென்றது மேலே வந்தது. அப்போது ஓரத்திலிருந்த முறிவெல்லாம் நடுவிலே சிலுவைபோற் கிடந்தது. புதிய ஓரங்களோ முன்பு படத்தின் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவை. அவை தாமாகவே பொருந்தும். அவற்றைத் தொடாமல், நடுவிலுள்ள முறிவின்மேல் அயல் நரம்புகளைப் பிரதிசெய்து மூடினான்.

எனக்கு அந்தாதி நினைவுக்கு வந்தது. ஈற்றுச் சொல் முதற்செய்யுளின் தொடக்கத்தோடு சேர்ந்து மண்டலித்து முடிவதை முப்பது ஆண்டாகக் கற்பித்து வருகிறேன். ஆனால் அந்தாதி ஒரு திசையிலேதான் மண்டலிக்கும்; இவனுடைய சதுரம் இரு திசையிலும் மண்டலிக்கிறது. தளத்தில் மீள மீள வரும் கோலங்களின் சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என உருசியப் படிகவியலறிஞர் பெடரோவ் 1891 இல் நிறுவினார். எண்ணி வகுக்கும் ஆசை நம் இலக்கணகாரருக்கு மட்டும் உரியதன்று போலும்! எங்கள் ஓலை அவற்றுள் மிக எளியது. நகர்வு ஒன்றே அதன் இலக்கணம்.

இனி ஒன்றுதான் எஞ்சியது.

"ஐயா, இந்தப் புழுத்துளையை அழிக்கவேணும்."

"ஏன்? ஓலைக்குத் துளை இயல்புதானே?"

அவன் விடை கூறவில்லை, திரையைக் காட்டினான். ஏட்டில் இருந்தது ஒரே துளை. பக்கத்திலோ துளைகள் அணிவகுத்து நின்றன. எந்தப் புழுவும் அவ்வாறு தின்னாது. ஒட்டு முழுவதும் மறைந்தும் அத்துளை ஒன்றே குட்டை உடைத்துவிட்டது.

அவன் கூறியது சரியே. ஆயினும் உடனே இசைய என்னால் முடியவில்லை. அத்துளை அச்சுவடியின் பல ஏடுகளை ஊடுருவிச் செல்வது. கயிறறுந்து ஏடுகள் கலைந்த ஒரு நாள், என் தந்தையார் அத்துளையை நேர்ப்படுத்திப் பார்த்தே ஏடுகளை முறைப்படி அடுக்கினார். இந்த ஏடு இன்ன ஏடுதான் என்பதற்கு அதுவன்றி வேறு சான்றில்லை. பொருத்துத் தெரியாத பின்னணிக்கோ அத்தகைய அடையாளமே பகை.

இரண்டு நாட் சென்று இசைந்தேன். துளையில்லாத ஓலை எல்லாப் பக்கங்களிலும் பரந்தது. மலரின் கடைசிப் பக்கத்தில் மட்டும் முழு ஏட்டையும் உள்ளவாறே அச்சிடுமாறு கேட்டுக்கொண்டேன்.

அச்சகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "கடைசிப் பக்கப் படத்திலே ஒரு ஓட்டை தெரியுது ஐயா, எடுத்துவிடவோ?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.