சைலன்சர் 5,900, ஸ்டட் 2,500

பழைய ஜிப்ஸிக்கு சைலன்சர் மாற்றக் கிளம்புகிறவர்கள் சைலன்சர் விலையை மட்டும்தான் விசாரிக்கிறார்கள். பில்லில் கடிப்பதோ அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்கள்.

1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்த மாருதி ஜிப்ஸி, 1996-இல் 1,298 சிசிக்கு மாறியது. 2018 கடைசியோடு புக்கிங் நின்றது. இன்று மலையேறும் ஜிப்ஸிகளில் பலவற்றுக்கும் ஒரிஜினல் சைலன்சரின் ஆயுள் முடிந்துவிட்டது. கல்லில் அடிபட்டுப் போச்சு என்பார்கள். பெரும்பாலும் கல் கடைசி அடியைத்தான் கொடுக்கிறது. அதற்கு முன்பே தண்ணீர் வேலையை முடித்திருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 105 கிராம், ஹைட்ரஜன். எரியும்போது அது தன் எடையைப் போல 8 மடங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் கிட்டத்தட்ட 950 கிராம் நீராவி வெளிவருகிறது. லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் வண்டியில் கடைத்தெருவுக்குப் போய்வர மொத்தம் 5 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர். சைலன்சர் நன்றாகக் காய்வதற்குள் எஞ்சினை அணைத்தால் அதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும்; அடிப்பக்க மடிப்பில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொசுக்கென்று உள்ளே இறங்கும். அந்தத் தகட்டில் மறுபடி வெல்டு வைப்பது வீண் செலவு. நெருப்பு பட்டதும் ஓட்டை பெரிதாகும்.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக உருண்டை எண்களை எடுத்துக்கொள்வோம். வரிக்கு முன் சைலன்சர் 5,000 ரூபாய். 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தவரை 6,400. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனதால் 5,900. கேஸ்கெட், நட்டு போல்ட், ரப்பர் ஹேங்கர் எல்லாம் சேர்த்து 1,000. கூலி 1,200. ஆக 8,100. மேனிஃபோல்டில் ஒரு எம்8 ஸ்டட் முறிந்தால் டிரில் போட்டு, மரை வெட்டி, கேஸ்கெட் மாற்ற இன்னொரு 2,500 வையுங்கள். வரியில் மிச்சமான 500 போன இடம் தெரியாது. முதல் நாள் ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைக்காத பட்டறையில் நான் வண்டியை விடமாட்டேன்.

ரப்பரில் மிச்சம் பிடிக்கிறவர்களும் உண்டு. 2.5 மீட்டர் இரும்புப் பைப் 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் 9 மி.மீ. நீளும், 304 ரக ஸ்டெயின்லெஸ் என்றால் 13 மி.மீ. ரப்பருக்குப் பதில் பைப்பை சேசிஸோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டால் அந்த நீளம் எங்கே போகும்? விரிசல் விடும். விரிசல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். மைலேஜ் 10-இலிருந்து 9.5 ஆனாலே 1,000 கி.மீ.க்கு 5 லிட்டருக்கு மேல் நஷ்டம்.

அகலப் பைப் ஆசைக்கும் ஒரு கணக்கு. ஒன்றரை அங்குலப் பைப் (1.6 மி.மீ. தகடு) மீட்டருக்கு 1.44 கிலோ, இரண்டு அங்குலம் 1.94 கிலோ. 3,000 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 1,298 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.95 கன மீட்டர் காற்றை இழுக்கும். 400 டிகிரியில் அது 4.3 கன மீட்டராக வீங்கும். சின்னப் பைப்பில் அதன் வேகம் நொடிக்கு 75 மீட்டர், பெரியதில் 40. மெதுவாக ஏறும் காட்டுப் பாதையில் இதனால் பெரிய லாபமில்லை, சத்தம்தான் கூடும். ஒலி வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். ஸ்டட் முறியாவிட்டால், முழு வேலையின் செலவைவிட அதிகம்.

கழற்றிய பழசை பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்டரும் சேர்த்துக் கழன்றிருந்தால் அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உண்டு. இரும்பு விலைக்கு எடைக்குப் போடுகிற பொருளல்ல.

புதியதை மாட்டும்போது எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முடுக்கச் சொல்லுங்கள். பின் ஆக்ஸில் முழுதாக மேலெழுந்தாலும் பைப்பைத் தொடக் கூடாது. முதல் 100 கி.மீ. ஓடியபின், பைப் ஆறியதும் எல்லா நட்டையும் இன்னொரு முறை முடுக்க வேண்டும்; அதற்குத் தனிக் கூலி இல்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.