ஒரே கலத்தில் தோய்த்த அப்பம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்சென்னைப் புறநகர்த் திருச்சபைகளிலிருந்து பரிசுத்த நாட்டிற்கு யாத்திரை செல்வது இன்று அரிய நிகழ்ச்சியன்று. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு எருசலேம் யாத்திரைக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை அறிவித்தபின், எளிய குடும்பத்தாரும் அவ்வாசையை மனத்திற் கொள்ளலாயினர். 2023 அக்டோபரில் மூண்ட போரினால் பல குழுக்கள் பயணத்தைக் கைவிட நேர்ந்தது; எனினும் செல்லும் நாளை எதிர்நோக்கியிருப்போர் பலர். இவர்களை ஆயத்தப்படுத்தும் ஆயர்களாகிய நாம், எவ்விடத்தில் எவ்வசனத்தை வாசிப்பது என்று கற்பிக்கிறோம். உணவைப்பற்றியோவெனில், புளியோதரையும் ஊறுகாயும் கட்டிக்கொள்ளச் சொல்வதோடு நின்றுவிடுகிறோம். அந்நாட்டு மக்களின் அன்றாட உணவும் திருமறைக்கு ஒரு விளக்கவுரையே என்பதை நாம் கண்டோம். அதனை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நம் குழுவினர் முதலில் முணுமுணுத்தது தேநீரைக் குறித்தேயாம். எருசலேமில் நாம் தங்கிய விடுதியில், இரவு உணவில் இறைச்சி பரிமாறப்பட்டமையால், தேநீருக்குப் பால் தர மறுத்துவிட்டனர். காலையிலோ பாலாடைக்கட்டி, தயிர், முட்டை, மீன், காய்கறி எல்லாம் இருந்தன. இறைச்சி மட்டும் இல்லை. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாது என்னும் கட்டளையை (யாத். 23:19, 34:26, உபா. 14:21) யூதர் இவ்வாறு விரித்துக் கைக்கொள்கின்றனர். இதனை வெறும் சடங்கென்று நகைத்தல் தகாது. தேசமிழந்து சிதறிய மக்களைப் பல நூற்றாண்டுகள் ஒரே இனமாகக் காத்தவற்றுள் அவர்களுடைய உணவு நெறியும் ஒன்று.

வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் கடைகள் அடைபடுகின்றன. எருசலேமில் நகரப் பேருந்துகளும் நின்றுவிடுகின்றன. வீடுகளில் திராட்சரசத்தின்மேல் ஆசி கூறியபின், இரண்டு அப்பங்களை எடுத்துக் கடவுளைத் துதித்துப் பகுத்து, உடனிருப்போர் யாவருக்கும் அளிக்கின்றனர். இரண்டு அப்பங்கள், ஓய்வுநாளுக்கென இருமடங்கு சேர்க்கப்பட்ட மன்னாவின் நினைவாகும் (யாத். 16:22). எம்மாவு வீட்டில் அப்பம் பிட்கப்பட்டதை (லூக். 24:30) நினையாமல் இதனைக் காண்பது அரிது. நம் திருவிருந்தின் வேர்கள் பீடத்தில் அல்ல, குடும்பத்தின் உணவு மேசையில் உள்ளன என்பது அங்கே தெளிவாயிற்று.

ஆயினும் நம்மை மிகவும் சிந்திக்கவைத்தது ஹும்முஸ் என்னும் எளிய உணவு. வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுது, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு அரைத்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, ஒரு கிண்ணத்தில் நடுவே வைப்பர். சுற்றி அமர்ந்தோர் அவரவர் அப்பத்தைப் பிட்டு அதிலே தோய்த்து உண்பர். நம்மவர் தயங்கினர், தனித்தனித் தட்டு கேட்டனர். இலை தனி, எச்சில் தனி என்று பழகிய நமக்கு அது இயல்பே. ஆனால் கர்த்தர் தம்மோடே கலத்தில் கையிடுகிறவனைப்பற்றிச் சொன்னதும் (மாற். 14:20), அப்பத்துண்டைத் தோய்த்து யூதாசுக்குக் கொடுத்ததும் (யோவா. 13:26) இத்தகைய பந்தியில்தான். ஒரே கலத்தில் தோய்த்தல் நெருங்கிய நட்பின் அடையாளம். காட்டிக்கொடுத்தலின் கொடுமையும், காட்டிக்கொடுப்பவனுக்கும் அப்பம் நீட்டிய அன்பின் ஆழமும் அத்தயக்கத்தின் நடுவே நமக்கு விளங்கின.

பெத்லகேமில் அரபுக் கிறிஸ்தவர் பந்தியிலும் அதே கொண்டைக்கடலை, அதே ஒலிவ எண்ணெய், அதே அப்பம். உணவு ஒன்றாயிருந்தும் பந்தி இரண்டாயிருக்கிறது. இருதிறத்து வீடுகளிலும் துக்கம் குடிகொண்டிருக்கிறது. இதற்காக மன்றாடாமல் திரும்பும் யாத்திரை நிறைவுபெறாது.

எனினும் பிறர் பந்தியை நியாயந்தீர்க்குமுன் நம் பந்தியை நோக்குவோமாக. சாதியைத் துறந்தமைக்கு அடையாளமாக, ஒடுக்கப்பட்டோர் சமைத்த உணவை உண்ணவேண்டும் என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு வற்புறுத்திற்று. லைப்சிக் லுத்தரன் சங்கத்தார் அக்கட்டாயத்தை ஏற்கவில்லை. சமபந்தியைக் கட்டளையால் உண்டாக்கலாமா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் கட்டளையுமின்றி, விருப்பமுமின்றி, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. 1938 டிசம்பரில் அனைத்துலக மிஷனரி மாமன்றம் நம் தாம்பரத்திலே கூடிற்று. பல நாட்டுத் திருச்சபையார் ஒருங்கே அமர்ந்தனர். அதே தாம்பரத்தில், ஒரே ஆலயத்தில் திருவிருந்து பெறுவோர், ஒருவர் வீட்டு அடுக்களையில் மற்றவர் உண்ணவும், தம் பிள்ளைகளுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் இன்னும் தயங்குவதை ஆயர்களாகிய நாம் அறியாதவர்களல்லோம். பேதுரு அந்தியோகியாவில் பந்தியைவிட்டு விலகியபோது, அது சுவிசேஷத்தின் சத்தியத்தைப் பற்றியது என்றே பவுல் கண்டார் (கலா. 2:12-14).

ஆகவே யாத்திரைக்குச் செல்வோருக்கு ஒன்று கூறுவோம்: ஊறுகாய் எடுத்துச் செல்லுங்கள், தவறில்லை; ஆனால் ஒரு வேளையாவது அந்நாட்டாரோடு அமர்ந்து, ஒரே கலத்தில் அப்பத்தைத் தோய்த்து உண்ணுங்கள். திரும்பி வந்தபின், சபையில் இதுவரை நீங்கள் உண்ணாத வீடு எதுவோ, அவ்வீட்டிற்குச் சென்று உண்ணுங்கள். அதுவரை யாத்திரை முடியவில்லை.