சந்தேகத்துக்கு உள்ளான கணினியையே சாட்சி கேட்கலாமா?

வீட்டுக் கணினி திடீரென்று மந்தமாகிறது. பிரவுசரைத் திறந்தால் பழகிய முகப்புக்குப் பதில் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. நாம் அனுப்பாத மின்னஞ்சல் நண்பர்களுக்குப் போயிருக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டதோ என்ற எண்ணம் வந்ததும் பெரும்பாலானோர் அதே கணினியில், அதே பிரவுசரில் வைத்தியம் தேடுவார்கள். முதலில் கண்ணில் படும் இலவச 'கிளீனரை' இறக்குவார்கள். அது நான்கைந்து கோப்புகளை நீக்கியதாகச் சொன்னதும் நிம்மதியாகி, வங்கியில் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அங்கேயே லாக்-இன் செய்வார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இவையெல்லாம் நியாயமான செயல்கள்தான். ஆனால் அத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தன் நிலையைப் பற்றிக் கணினி உண்மையைச் சொல்லும் என்பது. மால்வேர் புகுந்த கணினியில் முதலில் பொய்த்துப்போவது அந்த நம்பிக்கைதான். சந்தேகத்துக்கு உள்ளான கணினியை அதன் சொந்த வழக்கில் சாட்சியாக ஏற்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற குழப்பம் பெருமளவு தீரும்.

'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற மால்வேரின் கதை இதற்கு வலுவான ஆதாரம். 2007 முதல் பரவிய அது, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்திருந்தது. ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். சர்வர். எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு குறிப்பை மட்டும் இந்த மால்வேர் மாற்றி எழுதியது. அதன்பின் கணினி கேட்ட ஒவ்வொரு முகவரிக்கும் மோசடிக் கும்பலின் சர்வரே பதில் சொன்னது. விளம்பரங்களைத் திசைதிருப்பியே கும்பல் 1.4 கோடி டாலர் சம்பாதித்தது. ஆன்டிவைரஸும் விண்டோஸும் அப்டேட் பெறுவதையும் அது தடுத்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதானபோது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு ஒரு சிக்கல் எழுந்தது. கும்பலின் சர்வர்களை அணைத்தால் பாதிக்கப்பட்டவர்களின் இணையமே நின்றுவிடும். எனவே நீதிமன்ற அனுமதியோடு, அவற்றின் இடத்தில் சுத்தமான சர்வர்கள் 2012 ஜூலை 9 வரை இயக்கப்பட்டன. அந்த எட்டு மாதங்களில் செய்தித்தாள்கள் எழுதின. கூகுளும் ஃபேஸ்புக்கும் பாதிக்கப்பட்டவர்களின் திரையிலேயே எச்சரிக்கை காட்டின. அப்படியும் கடைசி நாளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பழைய நிலையிலேயே இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கணினி வழக்கம்போல ஓடியது, இணையம் வந்தது. சந்தேகப்பட அவர்களுக்குக் காரணமே தெரியவில்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்தக் கோப்பை விண்டோஸிடம்தான் கேட்டுப் பெறுகிறது. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று டாஸ்க் மேனேஜர் காட்டுவதும் விண்டோஸ் தரும் பட்டியலைத்தான். விண்டோஸின் ஆழ்ந்த அடுக்குக்குள் நுழைந்துவிட்ட மால்வேர், தன் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் பட்டியலைக் கொடுக்க முடியும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-ல் வெளியான தம் டூரிங் விருது உரையில் இன்னும் ஒரு படி கீழே போய், நிரலை உருவாக்கும் கம்பைலரே கெட்டிருந்தால் மூல நிரலை எத்தனை முறை படித்துப் பார்த்தாலும் பிழை தெரியாது என்று காட்டினார். வீட்டுக் கணினிக்கு வரும் மால்வேர்களில் பெரும்பாலானவை அவ்வளவு ஆழம் போவதில்லை என்பது உண்மை. ஆனால் நம்மிடம் இருப்பது எந்த வகை என்று உள்ளிருந்தே கண்டுபிடிக்க வழியில்லை. விண்டோஸிலேயே உள்ள 'மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனை இந்தக் காரணத்துக்காக உருவானது. அது கணினியை மறுதொடக்கம் செய்து, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே ஹார்டு டிஸ்க்கை ஆராய்கிறது. கால் மணி நேரம் பிடிக்கும். காசு கொடுத்து வாங்கும் பல 'கிளீனர்'களை நாடும் முன் இதைச் செய்வது நல்லது.

அதற்காக எல்லாச் சந்தேகமும் உண்மையாகிவிடாது. திரையை நிறைத்துக்கொண்டு சைரன் ஒலியோடு 'உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வருவது பெரும்பாலும் ஒரு வெறும் இணையப் பக்கம். பிரவுசரை மூடினால் போய்விடும். திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் 'வைரஸ் எச்சரிக்கை' பல நேரங்களில் ஏதோ ஒரு தளத்துக்கு நாம் கவனிக்காமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. பிரவுசரின் செட்டிங்ஸில் அதை நீக்கினால் தீர்ந்தது. மைக்ரோசாப்ட் தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் கால் சென்டர்களில் பல இந்தியாவிலேயே இயங்கியவை, சி.பி.ஐ. 2022-லும் 2023-லும் 'ஆபரேஷன் சக்ரா' என்ற பெயரில் இத்தகைய கும்பல்கள் மீது சோதனை நடத்தியது. ஆனால் பயத்தில் அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் செயலியை நிறுவி, கணினியை அவர்கள் கையில் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது உண்மையாகவே மால்வேர் புகுந்ததாகத்தான் கொள்ள வேண்டும்.

உண்மையான ஆபத்து இன்று சத்தம் போடுவதில்லை. 'இன்ஃபோஸ்டீலர்' எனப்படும் தகவல் திருடும் மால்வேர்கள் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும், லாக்-இன் செய்த நிலையை நினைவில் வைத்திருக்கும் குக்கிகளையும் சில நிமிடங்களில் வாரிக்கொண்டு போய்விடுகின்றன. அவற்றுள் ஒன்றான 'லும்மா' 2025 மார்ச் நடுப்பகுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்ததாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது பரவிய வழிகளில் ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸ் பொத்தானோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று அழுத்தச் சொல்லும். அந்த மூன்று அழுத்தங்களில், பக்கம் ரகசியமாக நகலெடுத்து வைத்த கட்டளையை நாமே நம் கணினிக்குக் கொடுத்துவிடுகிறோம். எந்த உண்மையான ரோபோ சோதனையும் இப்படிக் கேட்காது.

இதனால்தான் கணினியைச் சுத்தம் செய்வது இரண்டாவது வேலையாகிறது. முதல் வேலை கணக்குகளைக் காப்பது. கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, பாதிப்பில்லாத ஒரு செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், ஏனென்றால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுவே. மாற்றினால் மட்டும் போதாது. திருடிய குக்கி கையில் இருப்பவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓ.டி.பி.யும் தேவையில்லை, ஏற்கெனவே திறந்த கதவு வழியாக அவர் உள்ளே இருக்கிறார். மற்ற கருவிகளிலிருந்து வெளியேற்றும் வசதி கூகுள் போன்ற பெரிய கணக்குகள் பலவற்றில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். கணினியில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலுக்குப் போய் அதையும் துண்டிக்க வேண்டும். நெட் பேங்கிங் பயன்படுத்தியிருந்தால் வங்கிக்குச் சொல்லி முடக்கச் சொல்வது நல்லது. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் நிறுத்தும் வாய்ப்பு அந்த முதல் மணி நேரங்களில்தான் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் மூன்று மணி நேரம் ஸ்கேன் ஓடவிடுவது, திருடியவருக்குக் கொடுக்கும் அவகாசம்.

'ஆன்டிவைரஸ் கண்டுபிடித்து நீக்கிவிட்டதே, அது போதாதா?' என்று கேட்கலாம். சில நேரங்களில் போதும். கோப்பை இறக்கிய கணமே, அதை நாம் திறப்பதற்கு முன்பே ஆன்டிவைரஸ் பிடித்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பிரவுசரின் முகப்பை மாற்றிய எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் சிக்கல் என்றால் அதை நீக்கினால் போதும். ஆனால் அந்தக் கோப்பு ஒருமுறையாவது ஓடியிருந்தால் கணக்கு மாறுகிறது. ஆன்டிவைரஸ் தான் அறிந்ததை நீக்கியதாகச் சொல்கிறது. அந்தக் கோப்பு ஓடிய நேரத்தில் வேறென்ன கொண்டுவந்து வைத்தது என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த நிலையில் விண்டோஸை முழுமையாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நேர்மையான தீர்வு.

இதற்கு வரும் மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. புகைப்படங்கள் போய்விடுமோ என்ற பயம். கடைக்காரர் கேட்கும் தொகை. இவற்றை விடப் பெரிது, பல வீடுகளில் இருப்பது காசு கொடுத்து வாங்காத விண்டோஸ் என்பது. லேப்டாப்போடு விண்டோஸ் வந்திருந்தால் கவலை வேண்டாம்: அதன் உரிமம் அந்த லேப்டாப்போடு பிணைந்தது, மீண்டும் நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் தானே செயல்படும். வேறொரு நல்ல கணினியில் 8 ஜி.பி. பென்டிரைவை வைத்து மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே இலவசமாக நிறுவல் வட்டை உருவாக்கிக்கொள்ளலாம். அசெம்பிள் செய்த கணினியில் 'கிராக்' போட்ட விண்டோஸ் இருந்தால் அங்கேதான் நோயின் வேர் இருக்கலாம். கிராக்கும் ஆக்டிவேட்டரும் தரும் முதல் அறிவுரை 'ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்பது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்களில், உலகெங்கும் வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கியவற்றுள் ஒன்றான 'ஸ்டாப்' பெரும்பாலும் இந்தக் கிராக்குகள் வழியாகவே பரவியது. ஃபார்மட் செய்துவிட்டு அதே கிராக்கை மறுபடியும் போடும் சேவைக்குக் காசு கொடுப்பது வீண். உரிமம் வாங்க முடியாதவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். பிரவுசர், ஆவணங்கள், தமிழ்99 தட்டச்சு என்று வீட்டுக்குத் தேவையானவை அதில் கிடைக்கும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய விண்டோஸை மறுபடி நிறுவுவதை விட அது நல்ல வழி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

'என் கணினியில் திருட என்ன இருக்கிறது?' என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. இத்தகைய திருட்டில் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நடப்பதில்லை. கிடைத்ததை மொத்தமாக வாரி, கட்டுக்கட்டாக விற்கிறார்கள். திருட ஒன்றுமில்லாத கணினிக்கும் ஒரு விலை உண்டு, அது அந்த வீட்டின் இணைய முகவரி. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய '911 எஸ்5' வலையில் 1.9 கோடி இணைய முகவரிகள் சிக்கியிருந்தன. அவற்றில் பல, இலவச வி.பி.என். செயலிகளை நம்பி நிறுவியவர்களின் கணினிகளுக்கு உரியவை. நிதி மோசடி முதல் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் வரை அவற்றின் வழியாக நடந்தன. விசாரணை தொடங்கும்போது அதிகாரிகளின் கையில் கிடைக்கும் முதல் தடயம், எதுவும் அறியாத அந்த வீட்டின் முகவரிதான்.

கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் குறிப்பு வந்திருந்தால் அந்தக் கோப்புகளை அழித்துவிட வேண்டாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகை ரான்சம்வேருக்கான சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று சாவி இல்லாத வகைக்குப் பின்னொரு நாள் வரக்கூடும். 2019-ல் ஸ்டாப் ரான்சம்வேரின் 148 வகைகளுக்கு அப்படித்தான் ஒரே நேரத்தில் வழி கிடைத்தது.

புதிதாக நிறுவிய கணினிக்குப் பழைய கோப்புகளைக் கொண்டுவரும்போது ஒரு தேர்வு தேவை. புகைப்படம், பாட்டு, வீடியோ வரலாம். நிறுவல் கோப்புகளும் கிராக்குகளும் வரக் கூடாது. தேவையான மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும்போது 'மேக்ரோவை அனுமதிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். அப்டேட்டுகளை முதலில் முடித்துவிட்டு, அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாக அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டால், அடுத்த முறை தவறான கோப்பைத் திறந்தாலும் அது விண்டோஸின் அடி அடுக்குவரை போவது கடினமாகும். இனி முக்கியமான கோப்புகளுக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் இருக்கட்டும். நகலெடுத்து முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இணைந்தே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும்.