வளர்ச்சிக் குன்றலும் முதல் இரண்டு ஆண்டுகளும்

குன்றல் என்பது எது

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட தரத்தின்படி, வயதுக்குரிய இடைநிலை உயரத்தைவிட இரண்டு திட்டவிலக்கத்துக்கும் மேலாகக் குழந்தையின் உயரம் குறைந்திருப்பதே வளர்ச்சிக் குன்றல் எனப்படுகிறது. நீடித்த சத்துக்குறைவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து விளைவிக்கும் இந்நிலை, பெரும்பாலும் கருவிலேயே தொடங்கி இரண்டு வயதுக்குள் வேரூன்றிவிடுவதால், பிறகு கொடுக்கும் உணவு இழந்த உயரத்தை முழுமையாக மீட்டுத் தருவது அரிது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே இது 2015-16-இல் 27.1 விழுக்காடாகவும் 2019-21-இல் 25 விழுக்காடாகவும் இருந்தது. சத்துணவுக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில் நான்கு குழந்தைகளில் ஒன்று குன்றியிருப்பது ஆறுதல் தரும் நிலை அன்று.

ஊருக்குள் நடந்த பணி

உலக வங்கியின் உதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாமல் நின்ற குழந்தைகளுக்கு மட்டும் 90 நாட்கள் கூடுதல் உணவளித்து, தாய்க்கு அதன் காரணத்தையும் விளக்கியது. ஊர்ப் பெண்கள் குழுக்களும் அவ்வுணவைத் தயாரித்தன. மெலிந்தபின் மருந்து தேடாமல், வளர்ச்சி தடுமாறும்போதே கண்டறிந்ததுதான் அத்திட்டத்தின் தனிச்சிறப்பு.

கூழின் பதம்

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். கேழ்வரகுக் கூழ் கெட்டியானால் குழந்தை விழுங்காது. நீர்க்கக் காய்ச்சினால் சிறு வயிறு நிறையுமே தவிரச் சத்து போதாது. தானியம் முளைகட்டும்போது பெருகும் அமைலேஸ் என்னும் நொதி, அதாவது மாவுச்சத்தைச் சிதைக்கும் புரதம், கூழை இளக்கிவிடுவதால், அதே பதத்தில் கூடுதல் மாவைச் சேர்க்க முடிகிறது. அங்கன்வாடி சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு இடம்பெறுவதற்கு இதுவே தக்க காரணமாகும். அம்மாவு குழந்தைக்கென்றே ஒதுக்கப்படாமல் வீட்டார் அனைவருக்கும் பங்கிடப்பட்டால் பயன் சிதறிவிடும்.

மேடவாக்கம் போன்ற ஊர்களில்

ஊராட்சியாக இருந்தபடியே நகரமாய்ப் பெருத்த மேடவாக்கத்தைப் போன்ற புறநகர்களில், கட்டட வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகள் வளர்ச்சிக் கண்காணிப்பிலிருந்து எளிதில் நழுவிவிடுகின்றனர். அவர்கள் தங்குமிடத்துக்கே சென்று எடையோடு உயரத்தையும் அளப்பதும், இரண்டு வயதுக்குட்பட்டவர்களைப் படுக்கவைத்தே நீளம் பார்ப்பதும், குடிநீரும் கழிப்பறையும் உள்ளனவா என்று கவனிப்பதும் சத்துமாவு வழங்குவதற்கு இணையான கடமைகளாகும்.