இலையில் வெட்டிய அம்பு

கெல்சென்கிர்ச்சன் மிருகக்காட்சிச்சாலையின் அலாஸ்காப் பகுதியில், கரடிகளின் முன்னே நின்றபோது எம்முடன் வந்த சிறுவன் கேட்டான்: "மாஸ்டர், இதை அம்பாலை கொல்லேலுமோ?"

ஜேர்மனியில் மானையோ காட்டுப்பன்றியையோ கூட அம்பெய்து வேட்டையாடச் சட்டம் இடந்தராது. எமது தீவின் வேடரோ வில்லாலேயே வாழ்ந்தவர்கள். தேனை நாடிக் கரடியும் வரும், வேடனும் வருவான். அவர்கள் பெரிதும் அஞ்சிய விலங்கு அது.

அம்பு, துப்பாக்கிக் குண்டைப் போன்றதன்று. வெட்டிக் குருதி வடியச் செய்தே கொல்லும். ஆதலால் இரும்பு அலகின் அகலமும் கூர்மையும் முதன்மையானவை. தண்டு கோணினாலோ இறகு சீர்கெட்டாலோ நல்ல அலகும் வீணே. தண்டையும் இறகையும் காடு தரும், இரும்பைத் தராது.

1660 இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில் இதற்கான வழியைக் கூறுகிறார். வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். தாம் விரும்பும் அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து அவ்விடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாதுவிட்டாலோ, ஓரிரவில் அம்பே வரும்! ஒரு சொல்லும் பேசாமல் நடந்த வாணிபம்.

1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது தம்பானை வேடரின் வேட்டைக்காடு அதனுள் அடங்கிற்று, வேட்டை குற்றமாயிற்று. எம்மிற் பலர் ஊரை விட்டோடியதும் அதே ஆண்டிற்றான்.

வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடரும் உளர் என்றோம். சிறுவன் நம்பவில்லை.