பிற்கால இளையராஜா: ஒரு தொகுப்பு

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து லயங்களில் வளர்ந்தோரிடையே, 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் தொடங்கிய இளையராஜாவின் ஆரம்பகால கானங்களே போதுமென்னும் அபிப்பிராயம் வேரூன்றியிருப்பினும், அவருடைய பிற்காலப் பாடல்களை மட்டும் தனியே திரட்டிக் கேட்போர் முற்றிலும் புதியதொரு கலைஞரைத் தரிசிப்பர் என்பது என் திடமான நம்பிக்கை.

தொண்ணூறு நிமிடக் கசெட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடமே கிட்டும் என்பதால், ஒலிப்பதிவுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தோர் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி கணக்குப் பார்த்தே தேர்ந்தெடுத்தனர். ஓட்டோவில் பென் டிரைவ் பாடும் இக்காலத்திலும் அந்த எல்லையை நாமாகவே வகுத்துக்கொள்வது நலம்.

1999இல் வந்த ‘சேது’விலிருந்து தொடங்கலாம். அடுத்து ‘ஹே ராம்’ (2000): வேறொருவர் இசைக்கு முன்பே படமாக்கப்பட்டிருந்த பாடற் காட்சிகளின் உதட்டசைவுக்கும் கால அளவுக்கும் இம்மியும் பிசகாமல் இணங்கும்படி அவர் புதிய மெட்டுகளை அமைத்தார் என்பதை மனத்திற் கொண்டு கேட்டால், அவற்றின் சுபாவமான ஓட்டம் பிரமிப்பையே தரும். சாதனா சர்கத்துக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த ‘அழகி’, அதன்பின் ‘பிதாமகன்’, ‘நான் கடவுள்’; இறுதியில், 2023இல் வெளிவந்த ‘விடுதலை’யில் அவரே அனன்யா பட்டுடன் பாடிய காட்டுமல்லிப் பாடல். அக்குரலில் முதுமை தெரிகிறது. மறைக்க அவர் முயலவுமில்லை.

2005இல் வந்த ‘திருவாசகம்’ இத்தொகுப்பில் வேண்டாம். அதைத் துண்டாக்குவது தகாது; ஆதியோடந்தமாக, வேறொரு நாளில் கேட்க வேண்டியது அது.